இணையத்தில் நம் படங்கள்: நீர்க்குறியின் பயனும் எல்லையும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பலவும் இன்று தம் சரக்கின் படங்களை இணையத்தில் வெளியிட்டு விற்பனை செய்து வருகின்றன. விளைபொருள் விற்கும் சங்கங்களும் அவ்வழியில் இறங்கியுள்ளன. கடைக்கு நேரில் வர இயலாதவர்கள் படத்தைக் கண்டே சரக்கைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆகவே, படத்தைக் காட்டாமல் இவ்வாணிகம் நடைபெறாது. ஆனால், ஒருமுறை காட்டிய படத்தை எவரும் பிரதி செய்துகொள்ளலாம் என்பதே இதிலுள்ள இடர்ப்பாடு.

இதனால் விளையக்கூடிய தீமைகள் இரண்டு. முதலாவது, நம் படத்தைத் தமதென்று போட்டு, அதன் நிழலில் மட்டமான சரக்கை விற்றல். இரண்டாவது, படத்திலுள்ள கரையையும் முந்தானையையும் பார்த்து, அதே வடிவத்தை விசைத்தறியில் ஓட்டிக் குறைந்த விலைக்கு விற்றல். முன்னது படத்தைத் திருடுதல். பின்னது வடிவத்தைத் திருடுதல். இவ்விரண்டிற்கும் பரிகாரம் ஒன்றன்று. இவ்வேறுபாட்டை நம் அங்கத்தினர்கள் தெளிவாக உணர வேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

நீர்க்குறி என்பது யாது?

ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், வெற்றிடத்தில் காந்தியடிகளின் உருவம் தோன்றுவதை நாம் அறிவோம். அதுவே நீர்க்குறி. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலி நாட்டுக் காகிதத் தொழிலாளர்கள், கூழை வார்க்கும் சல்லடையின்மேல் கம்பியை வளைத்து ஓர் உருவம் அமைத்தனர். கம்பி இருந்த இடத்தில் காகிதம் மெலிந்து, ஒளியில் அவ்வுருவம் புலப்பட்டது. ஃபாப்ரியானோ என்னும் ஊர் இத்தொழிலில் புகழ் பெற்றது. இன்னார் செய்த காகிதம் இது என்று காட்டுவதற்கே அக்குறி பயன்பட்டது. இன்று கணினிப் படங்களில் இடப்படும் குறியும் அப்பெயராலேயே வழங்குகிறது. இதில் கண்ணுக்குத் தெரிவது, தெரியாதது என இருவகை உண்டு.

தெரியும் குறி

சங்கத்தின் பெயரையோ முத்திரையையோ மங்கலாகப் படத்தின்மேல் பதிப்பது முதல் வகை. விலையின்றிக் கிடைக்கும் ஜிம்ப் போன்ற மென்பொருளைக் கொண்டே இதனைச் செய்துவிடலாம். எங்கே பதிப்பது என்பதில்தான் கவனம் தேவை. மூலையில் இட்ட குறியை ஓரத்தைக் கத்தரித்து நீக்கிவிடலாம். வெறும் உடல் நிறத்தின்மேல் இட்ட குறியைச் சுற்றிலுமுள்ள நிறத்தைப் பூசி மறைத்துவிடலாம். கரையும் உடலும் சேருமிடத்தில், வேலைப்பாடு நெருங்கிய பகுதியின் குறுக்கே இட்ட குறியை நீக்க முயன்றால், அடியிலுள்ள வேலைப்பாடும் சிதையும். எனினும், வாங்குவோர் நிறத்தையும் வேலைப்பாட்டையும் காண இயலாதவாறு குறி அழுத்தமாக இருத்தலாகாது.

மற்றொன்றும் அறியத்தக்கது. ஒரே குறியை ஒரே வடிவில் நூற்றுக்கணக்கான படங்களில் இட்டால், அப்படங்களை ஒப்பிட்டுக் குறியைக் கணினியே தனியே பிரித்து அகற்றிவிடக்கூடும். இதனைக் கூகுள் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் செய்து காட்டினர். படத்திற்குப் படம் குறியின் வடிவைச் சிறிதளவு வளைத்து மாற்றினால், இவ்வாறு அகற்றுவது கடினமாகும் என்பதையும் அவர்களே கண்டனர். இன்றோ, செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தனியொரு படத்திலுள்ள குறியையும் அழித்து, அவ்விடத்தை நிரப்ப வல்லவை. ஆகவே, தெரியும் குறி பூட்டு ஆகாது. எளிதில் எடுத்தாள நினைப்போரைத் தடுக்கும், முனைந்து திருடுவோரைத் தாமதப்படுத்தும், அவ்வளவே.

தெரியாத குறி

கணினிப் படம் என்பது நிறப்புள்ளிகளின் தொகுதி. சாதாரணப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவுகள் 0 முதல் 255 வரையுள்ள எண்களாகக் குறிக்கப்படுகின்றன. சிவப்பின் அளவு 200 என்பதை 201 ஆக்கினால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. இத்தகைய நுண்ணிய மாற்றங்களைக் கொண்டே ஒரு பெயரை மறைவாக எழுதிவிடலாம். ஆனால், படத்தைச் சுருக்கி அனுப்பும்பொழுது இந்நுண்மாற்றங்களே முதலில் அழிந்துபோகின்றன. கைபேசி வழியே கைமாறும் படங்கள் பெரும்பாலும் இவ்வாறு சுருக்கப்படுபவை.

இக்குறையைப் போக்க, 1997-இல் இங்கமார் காக்ஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் வேறொரு முறையை வெளியிட்டனர். படத்தின் தோற்றத்திற்கு இன்றியமையாத கூறுகளிலேயே குறியைச் சிறிது சிறிதாகப் பரப்பி வைப்பது அம்முறை. துணியின்மேல் ஒட்டிய சரிகைப் பூவைப் பெயர்த்து எடுத்துவிடலாம். தறியிலேயே ஊடையாகச் சேர்த்து நெய்த புட்டாவைப் பிடுங்கினால் துணியே கெடும். அதுபோல, பரவிக் கிடக்கும் குறியை அழிக்க முற்பட்டால் படத்தின் தரமும் குறைகிறது. இவ்வகைக் குறி திருட்டைத் தடுப்பதில்லை. பின்னர் வழக்கு எழுமாயின், படம் எங்கிருந்து சென்றது என்பதற்குச் சான்றாக உதவும்.

சட்டத்தின் துணை

புகைப்படத்திற்கும் ஓவியத்திற்கும் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. இதற்குப் பதிவு கட்டாயமன்று. 2012-இல் இச்சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65-பி பிரிவின்படி, படைப்பின் உரிமையாளரைக் குறிக்கும் விவரங்களை அதிகாரமின்றி, அறிந்தே நீக்குவது குற்றமாகும். இரண்டாண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கப்படலாம். சங்கத்தின் பெயர் தாங்கிய நீர்க்குறியை அழிப்பவன் இப்பிரிவின்கீழ் வருவான் என்று வாதிடுவதற்கு இடமுண்டு. ஆகவே, குறியில் வெறும் அலங்கார முத்திரை மட்டும் போதாது. உரிமையாளரின் பெயர் தெளிவாக இருத்தல் வேண்டும்.

ஆனால், சேலையின் வடிவத்திற்கு இப்பாதுகாப்பு நீடிப்பதில்லை. பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல், அதனைக் கொண்டு தொழில்முறையில் 50-க்கு மேற்பட்ட உருப்படிகளை உரிமையாளரே செய்துவிட்டால், அவ்வடிவத்தின்மீது பதிப்புரிமை நில்லாது என்கிறது அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு. புதிய வடிவத்திற்குரிய காப்பு 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் உள்ளது. பதிவு செய்தால் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் உரிமை உண்டு. ஆனால், பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்னர் உலகில் எங்கேனும் வெளியிடப்பட்ட வடிவம் புதியதாகக் கொள்ளப்படாது. நாமே அவசரப்பட்டு இணையத்தில் படத்தை வெளியிட்டால், நம் உரிமையை நாமே இழக்க நேரிடும். எத்தனை அழுத்தமான நீர்க்குறியை இட்டிருந்தாலும் அவ்விழப்பை ஈடு செய்ய இயலாது.

மாங்காய், அன்னம், ருத்திராட்சம் போன்ற வழிவழி வந்த உருவங்களைத் தனி ஒருவர் பதிந்துகொள்ள இயலாது. அவை எல்லோருக்கும் பொதுவானவை. காஞ்சிபுரம் பட்டு, ஈரோட்டு மஞ்சள் போன்ற ஊர்ப் பெயர்களுக்கு 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் காப்பளிக்கிறது. நம் படத்தைக் காட்டி வேற்றூர்ச் சரக்கை அப்பெயரில் விற்போர்மீது நடவடிக்கை எடுக்க அச்சட்டம் துணையாகும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

1. புதிய வடிவம் உருவானதும், பதிவு செய்வதா வேண்டாவா என்பதை நிர்வாகக் குழு முதலில் முடிவு செய்க. பதிவு செய்வதாயின், விண்ணப்பம் கொடுத்த பின்னரே படம் வெளிச் செல்லட்டும்.

2. குறியிடாத பெரிய மூலப்படத்தைச் சங்கத்திலேயே பத்திரப்படுத்துக. வடிவத்தின் பெயர், வரைந்தவர், நெய்தவர், நாள் ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி, துணி மாதிரியையும் உடன் வைத்திடுக.

3. வெளியிடுவதற்குச் சிறிய பிரதியையே பயன்படுத்துக. 4000-க்கு 3000 என்னும் அளவுள்ள படத்தில் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் உள்ளன. அதனை 1000-க்கு 750 ஆக்கினால் பதினாறில் ஒரு பங்கே எஞ்சும். சேலை முழுவதும் தெரியும். ஆனால், இழை எண்ணி வரைபடத் தாளில் ஏற்றுவது எளிதாகாது. கரையை மட்டும் மிக அருகிலிருந்து எடுத்த படங்களைப் பொதுவில் வெளியிடாதிருத்தல் நலம்.

4. அச்சிறிய பிரதியில் சங்கத்தின் பெயரை, வேலைப்பாட்டின் குறுக்கே, படத்திற்குப் படம் சிறிது மாற்றிப் பதித்திடுக.

5. திருட்டுப் படம் கண்ணில் பட்டால், அப்பக்கத்தை நாளுடன் பதிவு செய்துகொண்டு, அதனை வெளியிட்ட விற்பனைத் தளத்திற்கு எழுத்து மூலம் புகார் செய்க. மூலப்படமும் பதிவேடும் அப்போது கைகொடுக்கும்.

தனி நெசவாளர் ஒருவர் இவையனைத்தையும் செய்வது அரிது. தறியில் அமர்ந்தவருக்குப் படத்தைத் திருத்தவும் விண்ணப்பம் எழுதவும் பொழுது ஏது? சங்கத்தில் ஒரு பணியாளரைப் பழக்கி, அப்பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தால் அங்கத்தினர் எல்லோருக்கும் அது காப்பாகும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே ஒவ்வொரு சங்கமும் வடிவப் பதிவேடு ஒன்றைத் தொடங்கத் தீர்மானிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.