கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பாருங்கள்

வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்க நினைப்பவர்கள் மத்தியில் இப்போது இரண்டு யோசனைகள் அதிகம் அடிபடுகின்றன: வார இறுதிப் புகைப்பட வகுப்பு, பேக்கரி கஃபே. முதலீட்டில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். வகுப்புக்கு ஒரு கேமராவும் வாடகை அறையும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். கஃபேக்கு ஓவன், மிக்ஸர், ஷோகேஸ், மாஸ்டர் சம்பளம் என்று செலவு பேங்க் லோன் வரை இழுத்துக்கொண்டு போகும். ஆனால் வாடிக்கையாளர் முகம் சுளிக்கும் இடம் இரண்டிலும் ஒன்றுதான். விளம்பரத்தில் காட்டியது ஒன்று, கையில் கொடுத்தது ஒன்று.

முதலில் வகுப்பு. போஸ்டரில் காசிமேட்டுச் சூரிய உதயம் இருக்கும். போய் உட்கார்ந்தால் அபர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ என்று ஸ்லைடு ஓடும். மதியம் சான்றிதழ், குரூப் போட்டோ, வணக்கம். வந்திருப்பவர்கள் யார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அண்ணன் கேமராவை இரவல் வாங்கி வந்த கல்லூரி மாணவர், மிரர்லெஸ் வாங்கியும் ஆட்டோ மோடைத் தாண்டாத ஐடி ஊழியர், கல்யாண ஸ்டுடியோவில் லைட் பிடிக்கும் உதவியாளர், வீட்டில் கேக் செய்து வாட்ஸ்அப்பில் விற்கும் ஓர் அக்கா என்று கலவையாகத்தான் கூட்டம் வரும். அந்த அக்காவின் கையில் போன் மட்டும்தான். பெரும்பாலான போன்களில் அபர்ச்சரை மாற்றவே முடியாது. அவரிடம் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசி என்ன பயன்? லென்ஸைத் துடைப்பது, ஃபிளாஷை அணைப்பது, கேக்கை ஜன்னல் ஓரம் வைத்து எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் நிறுத்துவது, திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது: அவருக்கு வேண்டியது இவ்வளவுதான். இதைக் கற்றுக்கொண்டு போனால் அடுத்த பேட்ச்சுக்கு நாலு பேரை அவரே அனுப்பி வைப்பார்.

அதனால் பணம் வாங்கும்போதே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். கையில் என்ன கேமரா? எதைப் படம் எடுக்க ஆசை?

வகுப்பு முடிந்து வெளியே வருபவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் திரும்பத் திரும்பக் காதில் விழும் குறை இது: "எல்லாம் சொன்னாங்க, நான் எடுத்த படத்தை மட்டும் பார்க்கவே இல்ல." இது ஆசிரியரின் குணக்கோளாறு கிடையாது, வெறும் கூட்டல் பெருக்கல்தான். 20 பேர், ஆளுக்கு 3 படம், படத்துக்கு 3 நிமிடம் என்றால் 180 நிமிடம். அரை நாள் வகுப்பில் அதற்கு இடமே இல்லை. 8 பேர் என்றால் 72 நிமிடத்தில் முடிந்துவிடும். கூட்டத்தைச் சேர்த்து மலிவாக நடத்துவதைவிட, ஆளைக் குறைத்துக் கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றுவதே நிலைக்கும். சான்றிதழுக்குச் செலவிடும் காசையும் மிச்சப்படுத்தலாம். கல்யாண ஸ்டுடியோக்காரர் வேலை கேட்டு வருபவரிடம் ஆல்பத்தைத்தான் காட்டச் சொல்வார்.

வெளியே அழைத்துப் போவதாக இருந்தால் கேமராவைப் பற்றிப் பேசுமுன் மற்றதைச் சொல்லுங்கள். எங்கே சந்திப்பது, வண்டி எங்கே நிறுத்துவது, கழிப்பறை எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவது. தனியாக வரும் பெண்கள் சேருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது பெரும்பாலும் இந்தப் பதில்களை வைத்துத்தான். மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் நடக்கும் நேரத்தில் வழியை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது, முகத்தைப் படம் எடுக்குமுன் கேட்க வேண்டும் என்பதும் பாடத்தில் சேர்த்தி. சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையை நம்ப முடியாது. மாற்றுத் தேதியை முதலிலேயே ரசீதில் எழுதிவிட்டால் சண்டையே வராது.

இனி பேக்கரி. கோவைப் பக்கம் பேக்கரி என்றால் டீயும் சேர்த்தி. நின்றபடியே பப்ஸைக் கடித்து, டீயைக் குடித்து, ஐந்து நிமிடத்தில் ஆள் கிளம்பிவிடுவார். அங்கே பழகிய நாக்குதான் உங்கள் கஃபேக்கும் வருகிறது. ஏசியும் மர நாற்காலியும் போட்டு மூன்று மடங்கு விலை வைத்தால், பப்ஸ் அந்தத் தெருமுனைக் கடையைவிட ஒரு படியாவது மேலே இருக்க வேண்டும்.

கூட்டம் வருவது மாலை நான்கிலிருந்து ஏழு வரை. பல இடங்களில் மாஸ்டர் காலை பதினோரு மணிக்கே மொத்தப் பப்ஸையும் எடுத்து அடுக்கிவிடுகிறார். மழைக்காலத்தில் மூன்று மணிக்கெல்லாம் அது நமத்துப்போகும். மைக்ரோவேவில் வைத்துக் கொடுத்தால் இன்னும் மோசம், மேல் மடிப்பு தோலாக இழுக்கும். மாலைக்குத் தனியாக ஒரு தட்டு சுடச் சொல்லுங்கள். மிஞ்சியதைச் சூடாக்க ஓவன்தான் சரி. மாஸ்டரின் வேலை நேரத்தை மாற்றுவது கடைக்காரருக்கு எளிதான பேச்சில்லை, தெரியும். ஆனாலும் கடையின் பெயர் நிற்பதும் போவதும் இதில்தான்.

அதைவிடப் பெரிய கண்ணிவெடி பிறந்தநாள் கேக். பப்ஸ் நமத்திருந்தால் பாதியில் வைத்துவிட்டுப் போவார்கள். கேக்கில் குழந்தையின் பெயர் தப்பாக இருந்தால் அந்தக் குடும்பமே பத்து வருஷம் அதைச் சொல்லும். ஆர்டரைப் போனில் காதால் கேட்டு எழுதாதீர்கள். பெயரை வாடிக்கையாளரே எழுதி அனுப்பட்டும். எடை, முட்டை உண்டா இல்லையா, எத்தனை மணிக்கு வேண்டும், எவ்வளவு தூரம் போகிறது என்பதெல்லாம் அதே சீட்டில் இருக்கட்டும். சித்திரை வெயிலில் ஃபிரெஷ் கிரீம் கேக்கை டூவீலரில் முன்னால் வைத்துக்கொண்டு போகிறேன் என்பவரிடம் பட்டர் கிரீம் வாங்கிக்கொள்ளச் சொல்வது வியாபாரத்தைக் கெடுக்காது. இணையத்தில் பார்த்த மூன்றடுக்கு ஃபாண்டன்ட் கேக்கைக் காட்டி "இதே மாதிரி அரை கிலோவில்" என்று கேட்பார்கள். முடியாது என்பதைக் கல்லாவிலேயே, சிரித்த முகத்தோடு சொல்லிவிட வேண்டும். அட்வான்ஸ் வாங்கிய பிறகு சொன்னால் அதற்குப் பெயர் ஏமாற்று.

ஒரு காபிக்கு மூன்று மணி நேரம் லேப்டாப்போடு உட்காருபவர்களைப் பற்றிப் பல முதலாளிகள் புலம்புகிறார்கள். சுவரில் கறாரான அறிவிப்பு ஒட்டினால் குடும்பத்தோடு வருபவரும் சங்கடப்படுவார். பிளக் பாயின்ட்டைப் பின்பக்க நீள மேசையில் மட்டும் வையுங்கள். ஜன்னலோரம் தானாகக் காலியாகும். பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது.

குறை சொல்பவரை முதலில் எதிர்கொள்வது கல்லாவில் நிற்கும் பையன்தான். "ஓனர் வந்ததும் சொல்றேண்ணா" என்று அவன் சொன்னால் கதை முடிந்தது. இவ்வளவு ரூபாய் வரைக்கும் கேட்காமலேயே மாற்றிக் கொடுக்கலாம் என்று அவனுக்கு அனுமதி கொடுங்கள். அந்தக் காசைச் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். பிடித்தால் அடுத்த முறை குறையையே மறைப்பான். சட்டமும் வாடிக்கையாளர் பக்கம்தான். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறுவதற்கான கெடு பில்லில் இல்லையென்றால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 30 நாள். சேவைக்கும் இது பொருந்தும், ஆக வகுப்புக் கட்டணமும் இதில் அடக்கம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 என்பது இன்று நிறையப் பேருக்குத் தெரியும்.

கூகுளில் ஒற்றை நட்சத்திரம் விழுந்தால் இரவோடு இரவாக மச்சான், மாமா எல்லோரையும் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. படிப்பவருக்கு வாசனை தெரிந்துவிடும். போலி விமர்சனங்களைத் தடுக்க இந்திய தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையையே கொண்டுவந்தது. நேராகப் பதில் எழுதுங்கள்: என்ன நடந்தது, என்ன மாற்றினோம், எப்போது வந்தால் ஈடு செய்வோம். மூன்று வரி போதும். "நீங்கள் வந்ததாகப் பதிவே இல்லை" என்று வாதாடும் பதிலைப் படித்துவிட்டு வராமல் போனவர்களின் கணக்கு உங்களுக்குக் கிடைக்காது.

கடைசியாக, திறப்பு விழாவுக்கு முன் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம். உங்களை யாருக்கும் தெரியாத ஊரில் காசு கொடுத்து ஒரு வகுப்பில் உட்காருங்கள், போனை மட்டும் எடுத்துக்கொண்டு. பேக்கரியில் அரை கிலோ கேக் ஆர்டர் கொடுங்கள். பெயர் மட்டும் 'யாழினி' என்றோ 'எழிலரசி' என்றோ வாயால் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் எப்படி எழுத வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்களா என்று பாருங்கள்.