ஒரு பிரெஞ்சுப் படமும் ஒரு பள்ளிக்கூடமும்

சினிமா என்றதும் பாட்டும் கூத்தும் நினைவுக்கு வரும் தோழியருக்கு, 1987-இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சுப் படத்தை அறிமுகப்படுத்த விரும்புகிறேன். பெயர் ‘ஓ ரெவ்வார், லே ஸான்ஃபான்’. ‘குழந்தைகளே, போய் வருகிறேன்’ என்று சொல்லலாம். நாம் விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை அல்லவா? ‘ஓ ரெவ்வார்’ என்ற சொல்லிலும் மறுபடி காண்போம் என்ற பொருள் உண்டு.

இதன் இயக்குநர் லூயி மால். 1968-இல் நம் நாட்டிற்கு வந்து இவர் எடுத்த நீண்ட செய்திப்படத்தில் சென்னைக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. 1932-இல் பிறந்த இவர், போர்க்காலத்தில் பாரீசுக்குத் தெற்கேயுள்ள ஆவோன் என்னும் ஊரில், கார்மேல் சபைத் துறவியர் நடத்திய விடுதிப் பள்ளியில் பயின்றார். அப்போது பிரான்சு ஜெர்மானியர் பிடியில் இருந்தது. யூதர்களைத் தேடித் தேடிப் பிடித்தனர். பள்ளித் தலைவர் அருட்தந்தை ழாக், மூன்று யூதச் சிறுவர்களுக்கு வேறு பெயரிட்டு மற்ற மாணவரோடு சேர்த்து மறைத்து வைத்தார். 1944 ஜனவரி 15 அன்று கெஸ்டபோ காவலர் வந்து நால்வரையும் பிடித்துச் சென்றனர். மாலுக்கு அப்போது வயது பதினொன்று.

நடந்ததை அவர் அப்படியே படமாக்கவில்லை. பெயர்களை மாற்றினார், ஜூலியன், போனே என்ற இரு மாணவரின் நட்பைக் கற்பனையால் வளர்த்தார். ஒரு காட்சியில், போனேயும் மற்றவரோடு நற்கருணை வாங்க முழந்தாளிடுகிறான். குருவானவர் ஒரு கணம் தயங்கி, அவனுக்குக் கொடாமல் கடந்து செல்கிறார். வசனம் ஏதும் இல்லை.

காட்டிக்கொடுப்பவன் சமையற்கட்டு வேலைக்காரப் பையன். மாணவர்களின் தின்பண்டங்களைக் கள்ளச் சந்தையில் விற்றதற்காக அவனை வேலையினின்று நீக்குகிறார்கள். அவனோடு வியாபாரம் செய்த பணக்கார மாணவர்களோ கண்டிப்போடு தப்புகிறார்கள். இது அநீதி என்று குருவானவருக்கே தெரியும். வில்லன் ஒருவனைக் காட்டிவிட்டு நம்மை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பாததே இப்படத்தின் சிறப்பு என்பேன்.

வகுப்பறைக்குள் கெஸ்டபோ அதிகாரி நுழைந்து யூதப் பையன் யார் என்று கேட்கிறான். எவரும் வாய் திறக்கவில்லை. அதிகாரி முதுகைத் திருப்பிய நேரத்தில் ஜூலியன் தன்னையறியாமல் நண்பன் பக்கம் ஒரே ஒரு பார்வை பார்க்கிறான். அதிகாரி அதைக் கண்டுகொள்கிறான். போனே அமைதியாகப் புத்தகங்களை அடுக்கிவைத்து, அருகிலிருந்தவர்களுக்குக் கைகொடுத்துவிட்டு எழுந்து போகிறான்.

1987-இல் வெனிஸ் விழாவில் இப்படம் தங்கச் சிங்கம் விருதைப் பெற்றது.

உண்மையில் அம்மூன்று சிறுவரும் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டனர். தந்தை ழாக், 1945 மே மாதம் மௌத்தவுசன் முகாம்கள் மீட்கப்பட்டபோது உயிரோடிருந்தார். உடல் நலிந்து, ஜூன் 2 அன்று லின்ஸ் நகரில் இறந்தார். படத்தின் முடிவில் முதியவர் ஒருவரின் குரல் கேட்கிறது: நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஜனவரிக் காலையைச் சாகும்வரை மறக்கமாட்டேன் என்று. அது லூயி மாலின் சொந்தக் குரல்.