இடம் கொடுத்தவர் மனம் மாறினால்...

நம்மில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு பொழுதுபோக்குக் குழுவில் இருக்கிறோம். ஒருவருக்கு ஆம்ப்ளிஃபையர் அசெம்பிள் செய்வது, இன்னொருவருக்குப் பழைய பாட்டு, வேறொருவருக்கு கேம். குழு நம்முடையது. ஆனால் குழு கூடுகிற இடம் யாரோ ஒரு நிறுவனத்துடையது. அந்த நிறுவனம் ஒருநாள் நமக்குப் பிடிக்காத மாற்றத்தைக் கொண்டுவந்தால் என்ன செய்வது? இது இன்டர்நெட் வந்த பிறகு பிறந்த கேள்வி என்று நினைக்க வேண்டாம். நம்ம தீவுக்காரர்களுக்கும் பங்குள்ள பழைய கதை ஒன்று இருக்கிறது.

ரேடியோ புழங்கிய காலத்தில் பாம்பன், அக்காள்மடம், தங்கச்சிமடம் பக்கம் முள் பெரும்பாலும் இலங்கை வானொலியில்தான் நிற்கும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜா மாதிரி மூச்சு விடாமல் பேசிக் காட்டுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. இதற்குக் காரணம் பாதி அறிவியல், பாதி அரசியல். அறிவியலை முதலில் முடித்துவிடுவோம். மீடியம் வேவ் தரையை ஒட்டிப் போகிற அலை. உப்புத் தண்ணீர் காய்ந்த மணலைவிடப் பல நூறு மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும். ஆகவே கடல் மேல் வருகிற அலை அவ்வளவாகத் தேயாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தானே!

இனி அரசியல். 1952-ல் பி.வி.கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு மக்கள் ரசனையைக் கெடுக்கிறது, சாஸ்திரிய சங்கீதம்தான் வளர வேண்டும் என்பது அவர் கொள்கை. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைக் குறைத்தார்கள். படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரம் என்று அதையும் நிறுத்தினார்கள். தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டார்கள். சில மாதங்களிலேயே சினிமாப் பாட்டு அங்கே கிட்டத்தட்ட இல்லை என்றாகிவிட்டது.

நேயர்கள் என்ன செய்தார்கள்? ஊர்வலம் போகவில்லை, உண்ணாவிரதம் இருக்கவில்லை. குமிழைத் திருகினார்கள், அவ்வளவுதான்! யுத்தகாலத்தில் கொழும்புப் பக்கம் நிறுவிய சக்திவாய்ந்த சிற்றலை டிரான்ஸ்மிட்டர் இலங்கை வானொலியின் கையில் இருந்தது. இந்தியா முழுக்கக் கேட்டது. 1952 கடைசியில் அமீன் சயானியின் பினாகா கீத்மாலா அங்கே தொடங்கியது. கடிதங்கள் மூட்டை மூட்டையாகப் போயின. இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ஜும்ரி தலையா என்கிற அப்ரகச் சுரங்க ஊர், நேயர் விருப்பக் கடிதங்களாலேயே நாடு முழுக்கப் பெயர் வாங்கியது. கடைசியில் 1957 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலியே விவித் பாரதியைத் தொடங்கி சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுத்தது. தோற்றோம் என்று யாரும் அறிவிக்கவில்லை. அரசாங்கம் எப்போது அப்படிச் சொல்லியிருக்கிறது?

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970-ல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பிடிக்காத மாற்றம் வந்தால் மனிதர்கள் ஒன்று வெளியேறுவார்கள், இல்லை குரல் கொடுப்பார்கள். விசுவாசம் இருந்தால் வெளியேறுவதைத் தள்ளிப்போடுவார்கள் என்கிறார். 1952-ல் நடந்தது வெளியேற்றம். குரலுக்கு உதாரணம் பி.பி.சி. 2011 ஜனவரியில் இந்திச் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். நேயர்களும் எழுத்தாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மார்ச்சில் தினம் ஒரு மணி நேரம் மட்டும் தற்காலிகமாகத் தொடரும் என்றார்கள். அந்தத் தற்காலிகம் 2020 ஜனவரி 31 வரை ஓடியது. குரல் ஒன்பது வருஷம் வாங்கிக் கொடுத்தது என்றால் சும்மாவா? தமிழோசையின் சிற்றலை 2017 ஏப்ரல் இறுதியோடு நின்றது. அதற்குள் நம்மாட்கள் பலர் செல்போனுக்கு மாறிவிட்டிருந்தார்கள். நான் பார்த்தவரை சிற்றலைப் பெட்டியை விடாமல் வைத்திருந்த வயசாளிகளுக்குத்தான் கஷ்டம்.

இப்போது இணையத்துக்கு வருவோம். ரெடிட் என்ற தளத்தில் ஒவ்வொரு பொழுதுபோக்குக்கும் தனித்தனிக் குழு உண்டு. சம்பளம் வாங்காத உறுப்பினர்களே அவற்றை நடத்துகிறார்கள். 2023-ல் தளத்தின் தகவலை எடுத்துக்கொள்ளும் வெளிச் செயலிகளுக்குக் கட்டணம் என்றார்கள். அப்போலோ என்ற செயலியை உருவாக்கிய கிறிஸ்டியன் செலிக், தமக்கு வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் ஆகும் என்று கணக்குக் காட்டினார். ஜூன் 12 முதல் 8,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் கதவைச் சாத்தின. படங்கள் போடும் பெரிய குழு ஒன்று, இனி நகைச்சுவையாளர் ஜான் ஆலிவர் படம் மட்டும்தான் போடுவோம் என்று கேலியாகவே போராடியது! நிறுவனம் அசையவில்லை, திறக்காவிட்டால் பொறுப்பாளர்களை மாற்றுவோம் என்றது. பார்வையற்றோர் பயன்படுத்தும் சில செயலிகளுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. அப்போலோ ஜூன் கடைசியில் மூடப்பட்டது.

அத்தனை பேர் சேர்ந்தும் ஏன் முடியவில்லை? ரேடியோ நேயர் தனியாகவே குமிழைத் திருகலாம், பக்கத்து வீட்டுக்காரர் வந்தாலும் வராவிட்டாலும் பாட்டு கேட்கும். குழுவில் அப்படியில்லை. நான் மட்டும் வெளியேறினால் எனக்குக் கிடைப்பது காலி மைதானம். எல்லாரும் சேர்ந்து போகலாம் என்றால், அங்கே ஒருவரை ஒருவர் புனைபெயரால்தான் தெரியும். அந்த முகவரிப் புத்தகம் இருப்பதோ தளத்தின் கையில்!

இதற்கு நேர்மாறு ஹாம் ரேடியோக்காரர்கள். யாகூ குழுக்கள் சேவை 2019 அக்டோபரில் இனிப் புதிதாக எதையும் ஏற்ற முடியாது, டிசம்பரில் பழையது அழியும் என்று அறிவித்தது. ஹாம் குழுக்கள் பல, உள்ளதை நகல் எடுத்துக்கொண்டு குரூப்ஸ் டாட் ஐஓ என்ற இன்னொரு தளத்துக்குக் குடிபோய்விட்டன. சில பழைய படங்கள் போயிருக்கும்; ஆட்கள் தொலையவில்லை. காரணம், ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் கொடுத்த அழைப்புக் குறி உண்டு. நம் நாட்டில் வி.யு. என்று தொடங்கும். எந்தத் தளம் மூடினாலும் சாயந்திரம் 7 மெகாஹெர்ட்ஸில் கூப்பிட்டால் பதில் வரும்.

நம் பாடு எப்படி? பிராஜெக்ட் சர்க்யூட், பழைய வினாத்தாள், ஒர்க்‌ஷாப் போட்டோ எல்லாம் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில். டிப்ளமா முடிந்ததும் பாதிப் பேர் சென்னை, கோவை, வளைகுடா என்று போய் சிம்மை மாற்றுவார்கள். "எல்லாரும் வாட்ஸ்அப்பில்தானே இருக்கிறோம், மலரில் இறுதியாண்டு முகவரிப் பக்கங்கள் எதற்கு, அச்சுச் செலவு மிச்சம்" என்று இந்த ஆண்டு ஒரு பேச்சு வந்தது. சங்க நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள்: அந்தப் பக்கங்களை எடுக்காதீர்கள். விருப்பப்பட்டவர்கள் மட்டும் கொடுத்தால் போதும். ஊர், பின்கோடு, மாறாத ஒரு வீட்டு நம்பர், இவ்வளவும் சேர்த்து நான்கு பக்கத்துக்கு மேல் வராது.