பல்லும் எலும்பும்

வீட்டிற்குத் தூணும் விட்டமும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதன உடலுக்கு எலும்புகள். வளர்ந்த மனிதரின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. மண்டையோடு மூளையைக் காக்கின்றது. விலா எலும்புகள் இதயத்தையும் நுரையீரல்களையும் சூழ்ந்து நிற்கின்றன. முதுகெலும்பு உடலை நிமிர்த்தி நிறுத்துவதோடு, தன்னுள்ளே செல்லும் தண்டுவடத்திற்கும் அரணாக விளங்குகின்றது. எலும்புகள் ஒன்றோடொன்று கூடும் இடம் மூட்டு எனப்படும். வலிய நார்கள் மூட்டுகளைப் பிணைக்கின்றன. தசைகள் சுருங்கியும் தளர்ந்தும் அவற்றை இயக்குகின்றன.

எலும்பை உயிரற்ற கல் என்று எண்ணுவோர் உளர். அஃது உண்மையன்று. எலும்பினுள் குருதிக் குழாய்கள் ஓடுகின்றன, நரம்புகள் பரவியுள்ளன. நடுவேயுள்ள மச்சையில் இரத்த அணுக்கள் தோன்றுகின்றன. எலும்பிலுள்ள உயிரணுக்களுள் ஒருவகை பழைய பகுதியைக் கரைக்கும். மற்றொரு வகை அவ்விடத்திலே புதிய பகுதியைக் கட்டும். இப்பணி வாழ்நாள் முழுவதும் ஓயாது நடைபெறுகின்றது. முறிந்த எலும்பு மீண்டும் கூடுவது இதனாலேயே ஆகும்.

பல்லின் இயல்பு வேறு. குழந்தைப் பருவத்தில் 20 பாற்பற்களும், பின்னர் 32 நிலைப்பற்களும் முளைக்கின்றன. பல்லின் நடுவில் மென்மையான கூழும், அதனைச் சுற்றித் தந்தினியும், வெளியே பற்சிப்பியும் அமைந்துள்ளன. உடலிலுள்ள பொருள்கள் அனைத்தினும் கடினமானது பற்சிப்பி. நிலைப்பற்கள் வெளியே தோன்றுவதற்குப் பல ஆண்டுகட்கு முன்னரே, தாடைக்குள் அவற்றின் சிப்பி உருவாகத் தொடங்குகின்றது. கடைவாயில் இறுதியாக முளைக்கும் பற்கள் நீங்க, ஏனையவற்றின் சிப்பி ஏறத்தாழ எட்டு வயதிற்குள் முற்றுப் பெறுகின்றது. அதனை ஆக்கிய உயிரணுக்கள் பல் முளைத்ததும் அழிந்துவிடுகின்றன. ஆதலின், சிப்பியில் நேர்ந்த குறையை உடல் மீண்டும் சீர் செய்ய இயலாது.

எலும்பும் பல்லும் உறுதி பெறுவது சுண்ணாம்புச் சத்தாலும் பாஸ்பரசாலும் ஆகும். இவை உணவிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைக்கின்றன. குடல் இவற்றை ஏற்றுக் குருதியில் சேர்க்கின்றது. குருதி உரிய இடங்கட்குக் கொண்டு செல்கின்றது. மிகுதியைச் சிறுநீரகங்கள் வடித்து வெளியேற்றுகின்றன. எனவே, ஒருவர் வாழும் மண்ணின் இயல்பு, நீர் வழியாக அவருடைய எலும்பிலும் பல்லிலும் இடம் பெறுகின்றது. இவ்வுண்மைக்குத் தருமபுரி மாவட்டம் தக்க சான்றாகும்.

தருமபுரி மலைகளும் கற்பாறைகளும் மிகுந்த நிலம். மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே கீழிறங்கி நெடுநாள் தங்குகின்றது. அப்போது பாறையிலுள்ள தாதுக்களிலிருந்து புளோரைடு என்னும் பொருள் நீரில் கரைகின்றது. பென்னாகரம், பாலக்கோடு முதலிய பகுதிகளில் கிணறுகள் பலவற்றின் நீரில் இப்பொருள் அளவுக்கு மிஞ்சியுள்ளது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருத்தல் கூடாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறை. குறைந்த அளவில் இது பற்சிதைவைத் தடுக்கும். அளவு மீறின் தீங்கு செய்யும். நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ நீரில் அதனைக் கண்டறிய இயலாது. தெளிந்த நீர் என்று நம்பியே மக்கள் பருகுவர்.

உடலில் தங்கும் புளோரைடு ஏறக்குறைய முழுவதும் எலும்பையும் பல்லையுமே சென்று சேர்கின்றது. வளர்ந்தோர் உடல் பெரும்பகுதியைச் சிறுநீர் வழியே கழிக்கும். வளரும் எலும்போ அதனை மிகுதியாக ஈர்த்துக்கொள்ளும். ஆதலின், சிறுவர்க்கே இடர் மிகுதி. சிப்பி உருவாகும் பருவத்தில் இந்நீரைப் பருகிய சிறுவரின் பற்களில் வெண்ணிறத் திட்டுகளும், பின்னர்ப் பழுப்புக் கோடுகளும் தோன்றும். பல்லாண்டுகள் தொடர்ந்து பருகுவோர்க்கு எலும்பு தடித்து, மூட்டுகளைப் பிணைக்கும் நார்களும் சுண்ணாம்பேறி இறுகும். முதுகு வளையாது; கழுத்துத் திரும்பாது. குனிந்து கால்விரலைத் தொடுதலும், மோவாயை மார்பில் படிய வைத்தலும் அவர்க்கு அரிய செயல்களாகிவிடும். இந்நோய் புளோரோசிஸ் எனப்படும்.

இதன் காரணம் எளிதில் புலப்படவில்லை. அமெரிக்க நாட்டிலுள்ள கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் 1901ஆம் ஆண்டில் மருத்துவம் செய்யத் தொடங்கிய பிரெடரிக் மெக்கே என்னும் பல் மருத்துவர், அவ்வூரார் பலருடைய பற்களில் பழுப்புக் கறை இருக்கக் கண்டார். நிலைப்பற்கள் முளைத்த பின்னர் அங்குக் குடியேறியவர்க்கு அக்கறை உண்டாகவில்லை. ஆகவே, பல் வளரும் பருவத்தில் பருகும் நீரிலேதான் காரணம் உளது என அவர் துணிந்தார். 1931ஆம் ஆண்டில் சர்ச்சில் என்னும் வேதியியலார் அது புளோரைடே என நிறுவினார். அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்தில், எலும்பைத் தாக்கும் புளோரோசிசை ஷார்ட், பண்டிட், இராகவாச்சாரி ஆகிய மூவரும் ஆராய்ந்து 1937ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இறுகிய எலும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்தில்லை. வருமுன் காத்தலே வழியாகும். நீரைக் கொதிக்க வைத்தால் நோய்க்கிருமிகள் அழியும், புளோரைடு நீங்காது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு மிகும். ஆகவே, வேறு நல்ல நீரைத் தேடுதல் வேண்டும். பாறையோடு நெடுநாள் உறவாடாத ஆற்று நீரும் மழைநீரும் இதற்கு ஏற்றன. இக்கருத்தைக் கொண்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டது. ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு 2008ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று, 2013ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பெற்ற இத்திட்டம், காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கட்குக் கொண்டு செல்கின்றது.

குழாயில் ஆற்றுநீர் வருமாயினும், பழக்கத்தாலோ தட்டுப்பாட்டாலோ ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பின் நோய் நீங்காது. புளோரைடு மிகுந்த கிணற்று நீர் துணி வெளுக்கவும் பாண்டம் துலக்கவும் பயன்படலாம். குடிக்கவும் சமைக்கவும் ஆகாது. நீரை ஆய்வுக்கூடத்தில் சோதித்தறிதல் நன்று. கேழ்வரகு, பால், கீரை முதலியவற்றின் சுண்ணாம்புச் சத்து, குடல் புளோரைடை ஏற்பதைக் குறைக்கும். தருமபுரியின் வயல்களில் விளையும் கேழ்வரகு இவ்வகையிலும் நற்றுணையாகும்.

பற்கறை உடையாரைக் கண்டு, பல் துலக்காதவர் என இகழ்தல் அறியாமையாகும். எத்துணைத் துலக்கினும் அக்கறை போகாது. அது சோம்பலின் அடையாளமன்று; எட்டு வயதிற்கு முன் பருகிய நீரின் அடையாளம். அதனைச் சுமப்பவர் நாணவேண்டுவதில்லை. கறையுற்ற பல்லைச் சிரிப்பில் மறைத்துக்கொள்ளும் ஒரு சிறுவனுக்கு, உடலமைப்பை அறிந்த தோழன் இவ்வுண்மையை எடுத்துரைத்தல் வேண்டும். அவன் வீட்டில் தவழும் தம்பிக்கும் தங்கைக்கும் பற்கள் இன்னும் தாடைக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கின்றன. இன்று அவர்கள் குவளையில் நல்ல நீரை வார்த்தால், அப்பற்கள் கறையின்றி முளைக்கும்.