பைக் பக்கம்: நனைவது ஓரிடம், கசிவது வேறிடம்

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது பஜாஜ் பல்சர் 150. இரண்டாம் கையாக வாங்கியது. கங்கைவாடியில் மீனும் இறாலும் எடுத்து வண்ணாத்திவில்லுவுக்குக் கொண்டுபோய் விற்கிறேன். பைக் நின்றால் வருமானமும் நின்றுவிடும். சேர்விஸுக்கென்று புத்தளம் போய்வந்தால் ஒரு நாள் பிழைப்புப் போய்விடும் என்பதால், போன மாதம் முற்றத்தில் வைத்து ஒயிலையும் ஒயில் ஃபில்டரையும் நானே மாற்றினேன். அன்று முதல் என்ஜினுக்குக் கீழே வலது பக்கம் ஒரே ஒயில் பிசுக்கு. ஓடிவந்து நிறுத்தியதும் சொட்டுகிறது. ஆனால் இரவு முழுக்க நின்றாலும் காலையில் தரையில் புதிதாகப் பெரிய கறை இல்லை. டிரெய்ன் நட்டை இன்னும் இறுக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை. பின்சக்கர ரிம்மிலும் ஒயில் தெறித்திருக்கிறது. ஒயில் ஒரு போத்தல் முழுவதும் ஊற்றினேன், வீட்டில் மிச்சமிருந்ததையும் கொஞ்சம் சேர்த்தேன். கராஜில் காட்டினால், என்ஜினை இறக்கி எல்லாப் பெக்கிங்கும் சீலும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். என்ன செய்ய?
- வாசகர், எலுவன்குளம்

பதில்: தம்பி, என்ஜினை இறக்க வேண்டாம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை அது. உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் ஒரு விதி. சேர்விஸுக்கு முன் சொட்டாத பைக் சேர்விஸுக்குப் பின் சொட்டினால், நீங்கள் கை வைத்த இடங்களை மட்டும் பாருங்கள். நீங்கள் தொட்டது மூன்றே இடம்: டிரெய்ன் நட், ஃபில்டர் மூடி, ஒயில் ஊற்றும் மூடி. சிலிண்டர் பெக்கிங்கும் கியர் சீலும் அதே நாளில் தற்செயலாகப் பழுதாகியிருக்கும் என்று நினைக்கக் காரணம் எதுவும் இல்லை.

இனி நீங்கள் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். ஓடிவந்து நிறுத்தியதும் சொட்டுகிறது, நிற்கும்போது சொட்டுவதில்லை. இதைக் கவனித்து எழுதியதற்கு நன்றி, பலர் எழுதுவதில்லை. டிரெய்ன் நட் என்ஜினின் அடிமட்டத்தில் இருக்கிறது. அதன்மேல் ஒயில் இரவும் பகலும் நிற்கிறது. அங்கே கசிந்தால் பைக் நிற்கும்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும், காலையில் கறை இருந்தே தீரும். ஃபில்டர் அறை அப்படியல்ல. ஒயில் பம்ப் சுழலும்போது மட்டும்தான் அங்கே அழுத்தம் ஏறும், என்ஜின் நின்றதும் இறங்கிவிடும். அதனால் ஃபில்டர் மூடியின் ஓ-ரிங் சரியாக உட்காரவில்லை என்றால் ஓடும்போது கசியும், நிறுத்தியதும் வழிந்திருந்தது மட்டும் சொட்டி முடியும். உங்கள் பைக்கில் அந்த வட்ட மூடி இருப்பதும் வலது பக்கத்தில்தான். என் சந்தேகம் முதலில் அதன்மேல்.

ஆனாலும் சந்தேகத்தை நம்பி ஸ்பெனரை எடுக்காதீர்கள். ஒயில் கசிகிற இடத்தில் தங்காது. கீழ்நோக்கி வழியும், ஓடும் காற்று அதைப் பின்னால் தள்ளும், ஃபின்களுக்கு இடையிலும் நட்டுத் தலைகளிலும் சேர்ந்து கடைசியில் டிரெய்ன் நட்டின் நுனியில் சொட்டாகத் தொங்கும். பார்ப்பவர் பாவம் அந்த நட்டைக் குறை சொல்லி இறுக்குவார். நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். கீழே எங்கே சொட்டுகிறது என்பதை விடுங்கள். ஈரம் தொடங்குகிற மிக உயரமான, மிக முன்பக்கமான இடத்தைத் தேடுங்கள். கசிவு அங்கேதான்.

அதற்கு என்ஜின் சுத்தமாக இருக்க வேண்டும். எலுவன்குளத்துச் செம்மண் தூசி ஒயிலில் ஒட்டிச் சேறாகிவிட்டால் பழைய ஈரம் எது, புதியது எது என்று யாராலும் சொல்ல முடியாது. என்ஜின் நன்றாக ஆறிய பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். பெற்றோல் வேண்டாம், சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் அது விளையாட்டல்ல. பிறகு பாத்திரம் கழுவும் திரவமும் தண்ணீரும், கடைசியில் உலர்ந்த சீலைத் துண்டு. உயர் அழுத்தத் தண்ணீரைச் சீல்கள்மேல் பீய்ச்ச வேண்டாம். வெயிலில் நன்றாகக் காயவிட்டு, வலது பக்கம் முழுவதும், குறிப்பாக ஃபில்டர் மூடியின் ஓரம், கிளச் கவர் இணையும் கோடு, டிரெய்ன் நட்டைச் சுற்றி, குழந்தைகளுக்குப் போடும் முகப்பவுடரைத் தூவுங்கள். வெள்ளைப் படலம்போல ஒட்டினால் போதும். ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே என்ஜினை ஓடவிட்டு டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் கலா ஓயா சப்பாத்துப் பாலம் வரை மெதுவாகப் போய்த் திரும்பி மறுபடி பாருங்கள். பவுடர் எங்கே முதலில் கறுத்து நனைகிறதோ அதுதான் ஆள். சிலருக்கு இந்தக் கழுவலிலேயே கதை முடிந்துவிடும். ஃபில்டரைக் கழற்றும்போது கொட்டிய ஒயில் இடுக்குகளில் தங்கி, சூடேறும்போது இறங்கி வந்து கசிவுபோல நடிப்பதுண்டு.

மூடியின் ஓரம்தான் நனைகிறது என்றால் அதைக் கழற்றுங்கள், கீழே ஒரு தட்டு வைத்துக்கொண்டு. நான் பார்த்த வரையில் மூன்று தவறுகள்தான் திரும்பத் திரும்ப நடக்கின்றன. பழைய ஓ-ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியதைப் போடுவது முதலாவது. காய்ந்த ஓ-ரிங்கை அப்படியே வைத்து இறுக்கியதில் அது முறுகி ஓரிடத்தில் நசிவது இரண்டாவது. மூன்றாவது உங்கள் ஊருக்கே உரியது. முற்றத்தில் வேலை செய்யும்போது பள்ளத்தில் விழுகிற ஒரே ஒரு மணல். கண்ணுக்குத் தெரியாத அந்த மணல் அழுத்தத்தில் உள்ள ஒயிலுக்கு ஒரு வழியைத் திறந்துவிடும். பள்ளத்தைப் பஞ்சு வராத சீலையால் துடைத்து, நகத்தால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். புதிய ஓ-ரிங்கில் புது ஒயிலைத் தடவி உட்கார வையுங்கள். போல்ட்களை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 6 மில்லிமீற்றர் போல்ட் அலுமினியத்தில் இறங்குகிறது. கட்டை ஸ்பெனரை இரண்டு விரலால் பிடித்து, தட்டியதும் இன்னும் சிறிது திருப்பினால் போதும். ஓ-ரிங் உள்ள இடத்தில் சிலிக்கன் பசை தடவாதீர்கள். தேவையும் இல்லை. பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து ஒயில் வலையை அடைத்தால் கசிவைவிடப் பெரிய செலவு வரும்.

டிரெய்ன் நட்டை நீங்கள் மறுபடி இறுக்கியதுதான் எனக்குக் கவலை. நட்டு இரும்பு, அது இறங்கும் பிடி அலுமினியம். வீட்டு வேலையில் கசிவால் கெட்ட என்ஜின்களைவிடப் பலத்தால் கெட்டவையே அதிகம். நட்டு இறுகாமல் வழுக்கினால் அதோடு நிறுத்துங்கள். லேத் கடையில் புதுப் பிடி வெட்டி உள்ளே சுருள் போட்டுத் தருவார்கள், பிடியை இன்னும் அறுக்காமல் கொண்டுபோனால் வேலை சின்னது. அடுத்த ஒயில் மாற்றத்தில் நட்டின் வொஷரையும் மாற்றுங்கள். கிடைக்கவில்லை, இருப்பது செப்பு வொஷர் என்றால், அதை அடுப்பில் மங்கலாகச் சிவக்கும் வரை சூடாக்கித் தண்ணீரில் போடுங்கள். கெட்டிப்பட்ட செப்பு மறுபடி மென்மையாகும். அலுமினிய வொஷருக்கு இந்த வித்தை செல்லாது, உருகிவிடும்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயம்: மிச்சமிருந்ததையும் கொஞ்சம் சேர்த்தேன். மட்டத்துக்கு மேல் ஒயில் இருந்தால் சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும், உள்ளே அழுத்தம் ஏறும், நல்ல சீலும் வியர்க்கும். மூச்சுக் குழாய் வழியாக ஒயில் எயார் ஃபில்டர் பெட்டிக்குள் போய் அதன் அடி ட்யூப்பில் சொட்டும். உங்கள் ரிம்மில் தெறித்தது அந்த ஒயிலாகவும் இருக்கலாம், முன் ஸ்புரொக்கட்டில் சுழன்று வரும் செயின் கிரீஸாகவும் இருக்கலாம். விரலில் எடுத்துப் பாருங்கள். ஒட்டி இழுபட்டால் செயினில் இருந்து வந்தது. மட்டத்தைப் பார்க்கும் முறை இதுதான்: சமதரை, நடு ஸ்டாண்ட், சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஒயில் இறங்கச் சற்றுப் பொறுத்து, கண்ணாடியில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையில் நிற்கிறதா என்று பாருங்கள். மேலே இருந்தால் அளவாக வடித்துவிடுங்கள். வடித்ததில் பெற்றோல் மணத்தால் கதை வேறு. காபரேட்டர் ஊசி அடையாமல் பெற்றோல் என்ஜினுக்குள் இறங்குகிறது. அந்த ஒயிலில் ஒரு கிலோமீற்றரும் ஓட வேண்டாம்.

எவ்வளவு கசிந்தால் ஆபத்து என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏறத்தாழ இருபது சொட்டு ஒரு மில்லிலீற்றர். ஓடும்போது நிமிடத்துக்கு ஒரு சொட்டு, நாளுக்கு இரண்டு மணிநேர ஓட்டம் என்றால் நாளுக்கு 6 மில்லிலீற்றர், மாதத்தில் 180. சுமார் ஒரு லீற்றர் பிடிக்கிற என்ஜினில் இது ஆறில் ஒரு பங்கு. உடனே நிற்கும் அளவல்ல. ஆனால் மட்டத்தைப் பார்க்காமல் இரண்டு மூன்று மாதம் ஓடினால் நிற்கும். பின் டயரின் ரப்பரில் ஒயில் பட்டிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். துடைத்துக் கழுவாமல் ஏறாதீர்கள்.

கராஜ்காரரையும் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறக்கும் வரை, நம்மிடம் இருந்த பழைய பைக்குகளையே ஓட்டி ஓட்டிக் கடத்தினோம். கடைக்கு வருகிறவற்றில் உண்மையிலேயே சீல் தேய்ந்தவை ஏராளம். ஆனால் கியர் தண்டின் சீலும் முன் ஸ்புரொக்கட் பின்னால் உள்ள சீலும் கூடப் பெரும்பாலான பைக்குகளில் வெளியிலிருந்தே மாற்றக்கூடியவை. சிலிண்டரின் அடியிலோ இரண்டு என்ஜின் பாதிகள் சேரும் கோட்டிலோ பவுடர் நனைந்தால்தான் பெரிய வேலை. ஒரு காலத்தில் ஒயில் சொட்டுவது பைக்கின் இயல்பு என்றே எடுத்துக்கொண்டார்கள். சென்னை திருவொற்றியூரில் 1956 முதல் செய்யப்பட்ட பழைய புல்லட்டைப் பற்றி, சொட்டவில்லை என்றால் உள்ளே ஒயில் இல்லை என்று அர்த்தம் என ஒரு பகிடி உண்டு. உங்கள் பைக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. சரியாகப் பூட்டினால் சொட்டக்கூடாது.

வடித்த பழைய ஒயிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். வேலியோரம் ஊற்றாதீர்கள். உங்கள் பக்கத்து நிலத்தடி நீர் சுண்ணக்கல்லுக்குள் ஓடுகிறது, மேலே ஊற்றியது கீழே போகும். இன்னொரு பக்கம் கலா ஓயா முகத்துவாரத்துக் கண்டல் காடு. அங்கே வளர்கிற இறாலைத்தான் நீங்கள் விற்கிறீர்கள். பக்கத்து வில்பத்து ஈரநிலத் தொகுதியும் 2013இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. ஒயிலை மூடியுள்ள கலனில் சேர்த்து, புத்தளம் போகும்போது சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் எலுவன்குளம் சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் போனபோது பைக்கைத் தள்ளிக் கடந்தேன். இப்போது ஒயில் ஊற்றும் மூடியின் உட்பக்கம் பால்நிறத்தில் நுரை. ஓடலாமா?
- வாசகர், வண்ணாத்திவில்லு

பதில்: மூடியில் மட்டும் மெல்லிய வெண்படலம் என்றால் குறுந்தூர ஓட்டத்தில் சேரும் ஈரப்பதமாக இருக்கலாம், நீண்ட ஓட்டம் ஒன்று போனால் மறையும். ஆனால் ஒயில் முழுவதும் பால் தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சூடான என்ஜின் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கும்போது உள்ளே காற்று சுருங்கி, மூச்சுக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஸ்டார்ட் செய்யாமல் ஒயிலை வடியுங்கள். மலிவான புது ஒயில் ஊற்றிச் சில நிமிடம் ஓடவிட்டு அதையும் வடித்து, பிறகு நல்லதை ஊற்றுங்கள். ஃபில்டரும் எயார் ஃபில்டரும் புதிது. கார் ஒயில் மலிவு என்று ஊற்ற வேண்டாம். பைக்கில் கிளச்சும் அதே ஒயிலில்தான் நனைகிறது, போத்தலில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருப்பதை வாங்குங்கள். கலா ஓயா பாலத்தின் மேலே ஓடும்போது தள்ளிக்கூடக் கடக்காதீர்கள். என்ஜினை மாற்றலாம்.

இனி எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பைக்கின் மொடல், ஓடிய கிலோமீற்றர், கடைசியாக எதைக் கழற்றிப் பூட்டினீர்கள், ஓடும்போதா நிற்கும்போதா சொட்டுகிறது - இந்த நான்கையும் மறக்காமல் எழுதுங்கள்.