கூடு தெரியவில்லை, வெட்டலாமா?

“மேலே ஒரு கூடும் இல்லை, தைரியமா வெட்டுங்க.” மரம் கழிக்கும் இடத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. போன மாசியில் பக்கத்து வீட்டு முருங்கையில் பட்டுப்போன கிளையை அப்படித்தான் அறுத்தார்கள். விழுந்து பிளந்த கிளைக்குள் புல் இல்லை, பஞ்சு இல்லை. வெறும் மரத்தூளின்மேல் மூன்று வெள்ளை முட்டைகள். இரண்டு உடைந்திருந்தன. செம்மார்புக் குக்குறுவான் ஒன்று, கிளை இருந்த வெற்றிடத்தையே சுற்றிச் சுற்றிப் பறந்தது. இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை அது.

எல்லாப் பறவையும் சுள்ளி அடுக்கிக் கூடு கட்டுவதில்லை. குக்குறுவான் பட்ட கிளையைக் குடைந்து முட்டையிடும். வாசல் பெரும்பாலும் கிளையின் அடிப்பக்கம் இருக்கும்; மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். தரையில் புதிதாக மரத்தூள் சிந்தியிருந்தால் சந்தேகப்படுங்கள். காலையில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து அரைமணி நேரம் கவனியுங்கள். அலகில் இரையோடு பறவை வந்து போனால் அங்கே குஞ்சு இருக்கிறது.

“பட்ட மரம் எதற்கும் உதவாது” என்பதும் இதோடு ஒட்டி வரும் தவறு. குக்குறுவானும் மரங்கொத்தியும் விட்டுப்போன பொந்துகளில்தான் மைனாவும் கிளியும் புள்ளி ஆந்தையும் குடியேறுகின்றன. யார் தலையிலும் விழாத இடமென்றால் அந்த மரம் நிற்கட்டுமே.

“நம்ம மரம், நம்ம இஷ்டம்” என்பவர்களுக்கு ஒன்று: 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் ‘வேட்டை’ என்றே வரையறுக்கிறது. காத்திருப்பதும் பெரிய காரியமில்லை. கொண்டைக்குருவி முட்டையிட்டு, குஞ்சு கூட்டைவிட்டு இறங்க ஏறக்குறைய நான்கு வாரம். மின்கம்பியில் உரசும் கிளையா? அதை மட்டும் கழித்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

“மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது” என்று சொல்லி, விழுந்த குஞ்சை அப்படியே விட்டுவிடுகிறோம். அது உண்மையில்லை. இறகு முளைக்காத குஞ்சைக் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். கூடு சிதைந்திருந்தால், தண்ணீர் வடியும்படியான சிறு கூடையில் காய்ந்த புல் பரப்பி, அதே மரத்தில் நிழலான கிளையில் கட்டி, குஞ்சை வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். குஞ்சின் குரல் கேட்டுத் தாய் பெரும்பாலும் வந்துவிடும்.