மறுமுயற்சி

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே, நெல்வயல்களும் ஏரிகளும் சூழ அமைந்துள்ள பழம்பேரூர் உத்திரமேரூர் ஆகும். அவ்வூரின் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஊரின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையால் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. இச்செய்தியை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆயினும், அக்கல்வெட்டுகளில் நம் வாழ்க்கைக்கு உரிய மற்றொரு பாடமும் அடங்கியுள்ளது.

முதற் கல்வெட்டு கி.பி. 919ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இரண்டாவது 921ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் அதே பொருளைப் பற்றி மீண்டும் விதி செய்தனர். முன்னது 30 வயதிற்கு மேல் 60 வயதிற்கு உட்பட்டோர் தகுதியுடையர் என்றது. பின்னது அதனை 35 முதல் 70 என மாற்றியது. யார் யார் தகுதியற்றவர், ஓலையை யார் எடுப்பது, எடுத்த ஓலையை எவ்வாறு படிப்பது என்பனவெல்லாம் பின்னதில் மிக விரிவாக வரையறுக்கப்பட்டன. முதல் ஏற்பாடு நிறைவாக அமையவில்லை என்பதற்காகச் சபையார் அம்முறையையே கைவிட்டுவிடவில்லை. குறை எங்கே என்று கண்டனர், திருத்தினர், மீண்டும் கல்லில் வெட்டினர்.

இக்கல்வெட்டுகள் பொறிக்கப்பட்ட நாளில் நம் நாட்டில் புகையிலை இல்லை. அமெரிக்க நிலப்பகுதிக்கு உரிய அச்செடி, பல நூற்றாண்டுகள் கழித்துப் போர்த்துக்கீசியர் வாயிலாகவே இங்கு வந்தது. இன்றோ அது புகுந்து கெடுக்காத சிற்றூர் இல்லை. அதனை விட முயன்று, முடியாமல், ‘நம்மால் ஆகாது’ என்று சோர்ந்துவிடுவோர் பலர். அவர்களுக்கு உத்திரமேரூர்ச் சபையாரின் செயல் நல்வழி காட்டும். எவ்வாறு எனக் காண்போம்.

அவ்வூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் உழவர் ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்வோம். அவருக்கு வயது 40. இளமையிலேயே பீடி பிடிக்கப் பழகியவர். நாள்தோறும் ஒரு கட்டுப் பீடி புகைப்பார். விடியற்காலையில் இருமல் அவரை வருத்தும். ஒரு போகிப் பண்டிகையன்று, பழையன கழிக்கும் தீயிலே பீடிக்கட்டையும் எறிந்தார். “இனித் தொடமாட்டேன்” என்று வீட்டாரிடம் உறுதி கூறினார். அனைவரும் மகிழ்ந்தனர்.

பதினாறு நாள்கள் கழிந்தன. பதினேழாம் நாள் இரவு வயலுக்கு நீர் பாய்ச்சும் முறை அவருடையது. பனி மிகுந்திருந்தது. மடையருகில் இருந்த நண்பர் ஒருவர் பீடி ஒன்றை நீட்டினார். ‘ஒன்றுதானே’ என்று வாங்கினார். மறுநாள் இரண்டு, அடுத்த வாரம் பழையபடி ஒரு கட்டு. டீக்கடையில் இருந்தோர் நகைத்தனர். அவர் நாணமுற்று, மாட்டுக் கொட்டகையின் பின்புறம் மறைந்து நின்று புகைக்கலானார்.

ஒருநாள் அவர் மகள் அதனைக் கண்டுவிட்டாள். அவள் உங்களைப் போன்று பள்ளியிற் பயில்பவள். அவள் சினக்கவில்லை, எள்ளி நகையாடவுமில்லை. “அப்பா, பதினாறு நாள் விட்டிருந்தீர்களே! அந்நாள்களில் எப்பொழுது மிகக் கடினமாக இருந்தது?” என்று கேட்டாள்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “முதல் நான்கு நாள்கள் தாங்க முடியவில்லை, அம்மா. அதன் பிறகு அவ்வளவு இல்லை. ஆனால், டீ குடிக்கும்போதும், இரவில் வயலில் தனித்திருக்கும்போதும் மனம் அலைந்தது” என்றார்.

அவ்விடையிலேயே மறுமுயற்சிக்கு வேண்டிய வழி இருந்தது. உறுதி குன்றியவர் என்று அவரைப் பழிப்பது எளிது, உண்மை அதுவன்று. புகையிலையில் நிக்கோட்டின் என்னும் நச்சுப்பொருள் உள்ளது. புகையை உள்ளிழுத்த சில நொடிகளில் அது மூளையை அடைந்து, இன்ப உணர்வைத் தூண்டுகிறது. நாளடைவில் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. பிறகு அது கிடைக்காதபோது எரிச்சல், உறக்கமின்மை, மனம் ஒருநிலைப்படாமை முதலியன தோன்றுகின்றன. இத்துன்பம் முதற் சில நாள்களில் மிகுதியாக இருக்கும். பெரும்பாலும் மூன்று, நான்கு வாரங்களில் தணிந்துவிடும். இடையிடையே எழும் வேட்கை ஒவ்வொன்றும் சில நிமிடங்களே நீடிக்கும். ஆனால் பழகிய இடமும், வேளையும், நண்பர் கூட்டமும் அவ்வேட்கையை நெடுநாள் வரையில் எழுப்பிக்கொண்டே இருக்கும். நம் உழவர் தவறியது முதல் வாரத்திலன்று. மடையருகில், நள்ளிரவில், நண்பர் கையிலிருந்த ஒரு பீடியினால் ஆகும்.

குறை இன்னதென்று தெரிந்தபின் திருத்துவது அரிதன்று. தந்தையும் மகளும் அமர்ந்து, பழைய உறுதிமொழியைப் புதிய விதிகளாக விரித்தனர். விடும் நாளை முன்னரே குறித்தனர். வீட்டில் ஒரு பீடியும் இருத்தல் கூடாது என்றனர். ஒரு மாதம் டீயை வீட்டிலேயே அருந்துவது என்று முடிவு செய்தனர். நீர் பாய்ச்சச் செல்லும் இரவுகளில், புகைக்காத உறவினர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதும், வறுத்த வேர்க்கடலையும் குடிநீரும் கொண்டு போவதும் என ஏற்பாடு செய்தனர். வேட்கை எழுந்தால் ஐந்து நிமிடம் பொறுத்து, நீர் பருகி, வேறு வேலையில் கை வைப்பது என்றனர். எல்லாவற்றிற்கும் மேலாக, ‘ஒன்றுதானே’ என்னும் சொல்லுக்கு இடங்கொடுப்பதில்லை என்று உறுதி கொண்டனர்.

தனித்து நின்று போராட வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. அரசு மருத்துவமனைகளில் இதற்கு அறிவுரை வழங்குகின்றனர். தேவைப்படுவோர்க்கு மருத்துவர் நிக்கோட்டின் கலந்த மெல்லும் பசையையோ வேறு மருந்தையோ தருவர். 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் நடுவண் அரசின் புகையிலை கைவிடல் உதவி கிடைக்கிறது. உதவி கேட்பது இழிவன்று. நோயுற்றவர் மருத்துவரை நாடுவதைப் போன்றதே அது.

‘நாற்பது வயதிற்கு மேல் விட்டு என்ன பயன்?’ என்று சிலர் வினவுவர். இதற்கு விடை கூறியவர் இங்கிலாந்து நாட்டு அறிஞர் ரிச்சர்டு டால். அவரும் அவருடைய துணைவர்களும் 1951ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு மருத்துவர்கள் பல்லாயிரவரின் உடல்நிலையைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். ஐம்பதாண்டு ஆய்வின் முடிவு 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வாழ்நாள் முழுதும் சிகரெட் புகைத்தோர், புகைக்காதோரைவிட ஏறத்தாழ 10 ஆண்டுகள் முன்னதாக இறந்தனர். 60 வயதில் விட்டவர் ஏறக்குறைய 3 ஆண்டுகளையும், 50 வயதில் விட்டவர் 6 ஆண்டுகளையும், 40 வயதில் விட்டவர் 9 ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டனர். 30 வயதில் விட்டவர் இழப்பை ஏறத்தாழ முற்றிலும் தவிர்த்தனர். இவ்வாண்டுகள் மகளின் திருமணத்தைக் காணவும், பேரக் குழந்தைகளைத் தோளில் சுமக்கவும் உரிய ஆண்டுகள் அல்லவா?

பீடி இலையால் சுற்றப்பட்டது, ஆகவே தீங்கு குறைந்தது என்று எண்ணுவோரும் உளர். அது பெரும்பிழை. பீடி எளிதில் அணைந்துவிடும் இயல்புடையது. அது அணையாதிருக்க அடிக்கடி ஆழ்ந்து இழுக்க நேர்கிறது. ஆதலின் நச்சுப் புகை நுரையீரலுள் மிகுதியாகச் செல்கிறது. அப்புகை அருகிலுள்ள குழந்தைகளையும் விடுவதில்லை.

மாணவர்களே! இதில் உங்கள் பங்கு யாது? முதலாவது, புகையிலையை ஒருபோதும் தொடாதிருத்தல். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர்க்குப் புகையிலைப் பொருள் விற்றல் குற்றமாகும். பெரியவர் அனுப்பினாலும், பீடி வாங்கக் கடைக்குச் செல்லாதீர்கள். இரண்டாவது, விட முயன்று தவறியவரை நகையாடாதிருத்தல். நகைப்புக்கு அஞ்சி மறைந்து புகைப்பவர், மீண்டும் முயலும் எண்ணத்தையும் மறைத்துவிடுவார். எத்தனை நாள் விட்டிருந்தார் என்பதைப் பாராட்டுங்கள். எங்கே தவறினார் என்பதை அன்புடன் கேளுங்கள்.

நம் உழவர் இம்முறை வென்றாரா என்று நீங்கள் கேட்கலாம். இரண்டாம் முறை வெல்வோரும் உண்டு. நான்காம், ஐந்தாம் முறையில் வெல்வோரும் உண்டு. தவறிய ஒவ்வொரு முறையும் விதியைத் திருத்திக்கொண்டவரே முடிவில் விடுதலை பெறுகின்றனர். 919ஆம் ஆண்டில் வெட்டிய கல்லோடு உத்திரமேரூர்ச் சபையார் நின்றுவிடவில்லை. அதனை அழித்துவிடவும் இல்லை. இரண்டு கல்வெட்டுகளும் இன்றும் அச்சுவர்களில் உள்ளன. முதல் முயற்சி இகழத்தக்கதன்று; இரண்டாவது முயற்சிக்கு அதுவே ஆசிரியர் என்பதை அவை நமக்கு உணர்த்துகின்றன.

அருஞ்சொற்பொருள்

வாரியம் – ஊர்ப்பணிகளைக் கவனிக்கும் குழு
மடை – வாய்க்காலிலிருந்து நீர் பாயும் வழி
வேட்கை – மிகுந்த விருப்பம்
நடுவண் அரசு – மத்திய அரசு

பயிற்சி

1. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டிற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. உழவரின் முதல் முயற்சி எவ்வாறு தவறியது? அதற்குக் காரணம் யாது?
3. தந்தையும் மகளும் வகுத்த புதிய விதிகளைத் தொகுத்து எழுதுக.
4. தவறியவரை நகையாடுதல் ஏன் தீங்கு பயக்கும்? உங்கள் சொற்களில் விளக்குக.